கொள்கை மாறுபட்டோர் ஒரே சீட்டில் நிற்கலாமா?



தேர்தல் என்பது தோட்டத்தில் வாழும் நமக்குப் புதிய செய்தி அன்று. பொதுத் தேர்தலில் வாக்களிக்கிறோம். தொழிற்சங்கக் கிளைக்குத் தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுக்கிறோம். கோயில் நிர்வாகக் குழுவுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் ஆட்களை நிறுத்துகிறோம். அப்போதெல்லாம் ஒரு பேச்சு எழுவதைக் கேட்டிருப்போம். “இவரும் அவரும் எலியும் பூனையுமாக இருந்தவர்கள். இன்றைக்கு ஒரே பட்டியலில் நிற்கிறார்களே, இது எத்தனை நாளைக்கு?” என்று கேட்பார்கள். “இருவரும் சேர்ந்தால் நல்லதுதானே, சண்டை ஓயுமே” என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு.

இந்தக் கேள்வியைக் கடந்த 200 ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பச் சந்தித்து வரும் நாடு அமெரிக்கா. அங்கே நாட்டின் அதிபரும் துணை அதிபரும் சோடியாகத்தான் தேர்தலில் நிற்கிறார்கள். அந்தச் சோடியை அமெரிக்கர் ‘டிக்கெட்’ என்பார்கள். நாம் ‘சீட்டு’ என்று சொல்லிக்கொள்வோம். கொள்கையில் முட்டி மோதும் இருவர் ஒரே சீட்டில் நிற்க முடியுமா? நின்றால் என்ன ஆகும்? அதனால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? இன்றைய பேச்சில் இவற்றை ஆராய்வோம்.

முதலில் அந்த நாட்டின் முறையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கையைப் பெற்றவர் பிரதமர் ஆகிறார். அமைச்சர்கள் யார் யார் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். ஒத்துப்போகாத அமைச்சரை மாற்றவும் அவருக்கு வழி உண்டு. அமெரிக்காவில் துணை அதிபரின் நிலை அப்படிப்பட்டதன்று. அவரும் அதிபரோடு சேர்ந்து தேர்தலில் வென்று வந்தவர். அதிபருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவரைப் பதவியிலிருந்து நீக்க முடியாது.

அப்படியானால் துணை அதிபருக்கு அதிகாரம் மிகுதியோ என்று நினைக்கலாம். அதுவும் இல்லை. அவர் செனட் சபைக்குத் தலைமை தாங்குவார். அங்கே வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தம் வாக்கைப் போடுவார். மற்றபடி அதிபர் கொடுக்கும் வேலைதான் அவருடைய வேலை. ஆனால் அதிபர் இறந்தாலோ பதவி விலகினாலோ அந்த நிமிடமே நாட்டின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்துவிடும். இதுவரை 9 முறை இப்படி நடந்திருக்கிறது. 8 முறை அதிபரின் மரணத்தால். ஒரு முறை, 1974-இல், அதிபர் நிக்சன் பதவி விலகியதால். வெறும் நாற்காலி போலத் தோன்றும் பதவி ஒரே இரவில் சிம்மாசனமாக மாறிவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதிய பெரியவர்கள் ‘சோடி’ என்ற ஒன்றையே எண்ணிப் பார்க்கவில்லை. நாடெங்கும் தேர்வாளர்கள் என்ற ஒரு குழு அமையும். ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு பெயர்களை எழுதுவார். மிகுதியான வாக்குப் பெற்றவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். இதுதான் அவர்கள் வகுத்த விதி. நாட்டிலேயே சிறந்தவர் முதல் இடத்திலும் அவருக்கு அடுத்தவர் இரண்டாம் இடத்திலும் இருப்பார்கள் என்பது அவர்கள் நினைப்பு. கட்சிகள் வளரும், கட்சிக்குக் கட்சி பகை மூளும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

1796 தேர்தலில் அந்தக் கணக்குத் தவறியது. ஜான் ஆடம்ஸ் 71 வாக்குகள் பெற்று அதிபரானார். எதிர்க்கட்சித் தலைவரான தாமஸ் ஜெபர்சன் 68 வாக்குகள் பெற்றுத் துணை அதிபரானார். ஆடம்சின் கட்சி வலுவான மத்திய அரசை விரும்பியது. ஜெபர்சனின் கட்சியோ மாநிலங்களின் உரிமையே பெரிது என்றது. வெளிநாட்டு உறவிலும் ஒருவர் கட்சி இங்கிலாந்தின் பக்கம் சாய்ந்தது; மற்றவர் கட்சி பிரான்சின் பக்கம் சாய்ந்தது. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று மேட்டுக்கு இழுக்க, ஒன்று பள்ளத்துக்கு இழுத்தது. 1798-இல் அரசைக் குறைகூறுவோரைத் தண்டிக்கும் சட்டம் ஒன்று ஆடம்சின் ஆட்சியில் வந்தது. அதை எதிர்த்துக் கென்டக்கி மாநிலச் சட்டசபை தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை மறைவில் இருந்து எழுதிக் கொடுத்தவர் யார் தெரியுமா? துணை அதிபர் ஜெபர்சனேதான்!

1800-இல் கட்சிகள் எச்சரிக்கையாகத் தம் தேர்வாளர்களைக் கட்டுப்படுத்தி வைத்தன. அதனால் வேறொரு சிக்கல் வந்தது. ஜெபர்சனுக்கும் அவரோடு துணை அதிபராக நிறுத்தப்பட்ட ஆரன் பர்ருக்கும் ஆளுக்கு 73 வாக்குகள் கிடைத்தன. விதியின்படி இருவரும் சமம், பர்ரும் விட்டுக்கொடுக்கவில்லை. மக்கள் பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பிறகே, 1801 பிப்ரவரியில், ஜெபர்சன் அதிபர் என்று முடிவாயிற்று. இந்த அனுபவத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்தில் 12-ஆவது திருத்தம் வந்தது. அது 1804-இல் நடைமுறை ஆயிற்று. அதிபருக்கு ஒரு வாக்கு, துணை அதிபருக்குத் தனியாக ஒரு வாக்கு என்று அது பிரித்தது. இன்றைய சோடிச் சீட்டு உறுதிப்பட்டது அதன் பிறகே.

இனி, பகைவர்கள் விதியின் கோளாறினால் சேர்க்கப்பட மாட்டார்கள். சேர வேண்டுமானால் கட்சிகளே வேண்டுமென்று சேர்க்க வேண்டும். கட்சிகள் அதையும் செய்தன. ஏன் செய்தன? காரணம் எளிது. அமெரிக்கா பெரிய நாடு. வடக்கில் உள்ளவரின் பிழைப்பு வேறு, தெற்கில் உள்ளவரின் பிழைப்பு வேறு. ஒருவர் பெயருக்கு விழாத வாக்கு இன்னொருவர் பெயருக்கு விழும். ஒரு வீட்டார் இரண்டு பேரையும் அழைத்தால்தான் பந்தி நிறையும் என்று நினைப்பதைப் போல, கட்சிகளும் நினைத்தன. வாக்கு எண்ணும் நாள்வரைக்கும் இது நல்ல கணக்குத்தான். மறுநாள்தான் சோதனை தொடங்கும்.

1840 தேர்தலை எடுத்துக்கொள்வோம். விக் கட்சி என்று ஒரு கட்சி அப்போது இருந்தது. அதில் இருந்தவர்களை ஒன்று சேர்த்தது முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் மீதிருந்த வெறுப்பு. கட்சியின் முக்கியத் தலைவர்கள் தேசிய வங்கி வேண்டும் என்பவர்கள். துணை அதிபராக நிறுத்தப்பட்ட ஜான் டைலரோ அதை ஏற்காதவர். ஆனால் அவர் தெற்கே வர்ஜீனியாவைச் சேர்ந்தவர், ஜாக்சனோடு முரண்பட்டு வெளியே வந்தவர். ஆகவே வாக்குக்கு உதவுவார் என்று சேர்த்துக்கொண்டார்கள். வென்றும் விட்டார்கள். அதிபர் வில்லியம் ஹாரிசன் பதவியேற்ற 31-ஆவது நாள், 1841 ஏப்ரல் 4-இல், காலமானார். டைலர் அதிபரானார். தம்மை நிறுத்திய கட்சி கொண்டுவந்த வங்கிச் சட்டத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை மறுத்தார். அமைச்சர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் பதவி விலகினார்கள். கட்சி அவரை வெளியேற்றியது. கட்சியில்லாத அதிபராகவே மிச்சக் காலத்தை ஓட்டினார்.

இதில் டைலர்மீது மட்டும் குறை சொல்வதற்கில்லை. அவர் தம் கொள்கையை மறைக்கவில்லை. அழைத்தவர்கள்தாம் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. பொதுவான எதிரி ஒருவன் இருக்கும்வரை ஒன்றாக நின்றவர்களுக்கு, அவன் போன பிறகு பேசிக்கொள்ள எதுவும் இல்லாமற் போயிற்று.

நேயர்களே, அடுத்து நாம் சொல்லப்போகும் கதையைத் தோட்டத்து மக்களாகிய நாம் சற்று நின்று கேட்க வேண்டும். ஏனென்றால் அது தோட்டத்தில் உழைத்தவர்களின் கதை.

1861 முதல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. தெற்கு மாநிலங்களில் பருத்தி, கரும்பு, நெல், புகையிலைத் தோட்டங்களில் ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். அந்த அடிமை முறையைக் காக்கவே தெற்கு மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்தன. அதிபர் ஆபிரகாம் லிங்கன் நாட்டை ஒன்றாக வைக்கப் போரிட்டார். போரின் நடுவே அடிமைகளின் விடுதலையையும் அறிவித்தார்.

1864-இல் மறுதேர்தல் வந்தது. லிங்கனின் முதல் துணை அதிபர் வடக்கே மெயின் மாநிலத்தைச் சேர்ந்த ஹானிபல் ஹாம்லின். அடிமை முறையை எதிர்த்தவர். அவரை இரண்டாம் முறை நிறுத்தவில்லை. அவருக்குப் பதில் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜான்சனை நிறுத்தினார்கள். இவர் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர். பிரிந்துபோன மாநிலங்களைச் சேர்ந்த செனட் உறுப்பினர்களில், பிரிவினையை ஏற்காமல் தம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தவர் இவர் ஒருவரே. “கட்சி பேதம் இல்லாமல் நாட்டைக் காக்க நிற்கிறோம்” என்று காட்டுவதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? கட்சியின் பெயரையே அந்தத் தேர்தலுக்குத் ‘தேசிய ஐக்கியக் கட்சி’ என்று மாற்றிக்கொண்டார்கள். தேர்வாளர் வாக்குகளில் 212 லிங்கனுக்குக் கிடைத்தன. எதிர்த்து நின்றவருக்கு 21 மட்டுமே.

ஜான்சனின் பின்னணியைக் கேட்டால் நமக்கே அவர்மேல் பரிவு தோன்றும். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். தையற்காரர். எழுத்தையும் கணக்கையும் மனைவியின் துணையோடு தேறியவர். பெருந்தோட்ட முதலாளிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. இப்படிப்பட்டவர் ஏழைத் தொழிலாளிக்குத்தானே பரிந்து பேசுவார் என்று நாம் எண்ணுவோம். பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் அவர் பரிந்தது வெள்ளை ஏழைக்கு மட்டும். கறுப்பின மக்கள் சம உரிமை பெறுவதில் அவருக்கு விருப்பமில்லை. மத்திய அரசு மாநிலங்களின் காரியத்தில் தலையிடக் கூடாது என்பதும் அவருடைய உறுதியான கொள்கை. லிங்கனுக்கும் அவருக்கும் ஒத்துப்போன பெரிய விஷயம் ஒன்றே ஒன்று: நாடு பிரியக் கூடாது.

1865 ஏப்ரல் 9-ஆம் நாள் தெற்கின் தளபதி லீ சரணடைந்தார். நாடு பிரியாது என்பது உறுதியாயிற்று. அதாவது, இருவரையும் இணைத்த அந்த ஒரு காரியம் நிறைவேறிவிட்டது. ஐந்தே நாளில், ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் நீத்தார். இரண்டாம் முறை பதவியேற்று ஆறு வாரங்கள்தாம் ஆகியிருந்தன. ஜான்சன் அதிபரானார்.

அப்போது தோட்டத்து மக்களின் நிலை என்ன? அந்த ஆண்டு ஜனவரியில் படைத்தலைவர் ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா மாநிலங்களின் கடற்கரை ஓரத்தில் முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய நிலத்தைப் பிரித்து, விடுதலை பெற்ற குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 40 ஏக்கர் வரை கொடுக்கலாம் என்பது அந்த ஆணை. ஏறத்தாழ 40,000 பேர் அந்த மண்ணில் குடியேறினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிறருக்கு உழைத்த நிலத்தில் முதன்முறையாகத் தமக்கென்று விதைத்தார்கள். குடிசை போட்டார்கள், பள்ளிக்கூடம் தொடங்கினார்கள்.

ஜான்சன் பழைய முதலாளிகளுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். பெரும் பணக்காரர்கள் தனித்தனியே மனுக் கொடுக்க வேண்டும் என்று விதித்தார். அந்த மனுக்களையும் ஆயிரக்கணக்கில் ஏற்றுக்கொண்டார். மன்னிப்புப் பெற்றவருக்கு நிலமும் திரும்ப வேண்டும் என்றார். 1865 அக்டோபரில் ஜெனரல் ஹோவர்ட் என்ற அதிகாரி தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போனார். தேவாலயத்தில் கூடியிருந்த மக்களிடம், “நிலம் பழைய சொந்தக்காரருக்கே போகும். நீங்கள் அவர்களோடு ஒப்பந்தம் பேசிக் கொள்ளுங்கள்” என்ற பொருளில் சொன்னார். அவருக்கே அது பிடிக்காத வேலை. கேட்ட மக்கள் கொதித்துப் போனார்கள். ஆனாலும் கல்லெடுக்கவில்லை. தங்களுக்குள் மூவரைத் தேர்ந்து குழு அமைத்தார்கள். அதிபருக்கே விண்ணப்பம் எழுதினார்கள். நாங்கள் நாட்டுக்கு உண்மையாக இருந்தோம். எதிர்த்துப் போரிட்டவனுக்கு நிலமும், எங்களுக்கு வெறுங்கையுமா என்பதே அந்த விண்ணப்பத்தின் சாரம்.

விண்ணப்பம் பலிக்கவில்லை. நிலம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிற்று. மிசிசிப்பி போன்ற தெற்கு மாநிலங்கள் புதிய சட்டங்கள் போட்டன. வேலைக்கான எழுத்துச் சான்று இல்லாத கறுப்பர் குற்றவாளி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் வேலையை விட்டவர் அதுவரை உழைத்த கூலியை இழப்பார், பிடித்தும் கொண்டுவரலாம். சங்கிலி கழன்றது, ஆனால் தோட்டத்து வாசல் திறக்கவில்லை. விடுதலை பெற்றோருக்கு உதவும் சட்டத்தையும், அவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தையும் 1866-இல் காங்கிரஸ் நிறைவேற்றியபோது ஜான்சன் இரண்டையும் மறுத்தார். குடியுரிமைச் சட்டத்தைக் காங்கிரஸ் அவருடைய மறுப்பையும் மீறி நிறைவேற்ற வேண்டி வந்தது. 1868-இல் அவரைப் பதவி நீக்கக் குற்ற விசாரணையே நடந்தது. செனட் சபையில் 35 பேர் குற்றவாளி என்றனர். 19 பேர் இல்லை என்றனர். ஒரே ஒரு வாக்குக் குறைந்ததால் பதவி தப்பியது.

சீட்டு எழுதியவர்களுக்கு 1864-இல் வெற்றி கிடைத்தது. அந்தச் சீட்டின் விலையைக் கொடுத்தவர்கள் எடிஸ்டோ தீவின் உழைப்பாளிகள். அந்தச் சோடியைத் தேர்ந்ததில் அவர்களுக்கு வாக்கும் இல்லை, பங்கும் இல்லை. அவர்கள் கையில் கேட்க ஒரு கேள்வி இருந்திருந்தால், “முதலாமவர் போனால் இரண்டாமவர் எங்களை என்ன செய்வார்?” என்பதாகத்தான் அது இருந்திருக்கும். அந்தக் கேள்வியை அன்று கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

அப்படியென்றால் மாறுபட்டோர் சேரவே கூடாது என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள். வரலாறு மறுபக்கத்தையும் காட்டுகிறது.

1960-இல் ஜனநாயகக் கட்சி ஜான் கென்னடியை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தது. வடகிழக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்துச் செல்வந்தர் வீட்டு இளைஞர் அவர். அவரோடு அதே மாநாட்டில் போட்டியிட்டுத் தோற்றவர் டெக்சஸ் மாநிலத்து லிண்டன் ஜான்சன். இருவருக்கும் இடையே கசப்பு இருந்தது. ஆனாலும் கென்னடி ஜான்சனைத் துணை அதிபராக நிறுத்தினார். தொழிற்சங்கத் தலைவர்களும் கறுப்பின உரிமைக்குப் போராடியவர்களும் முகம் சுளித்தார்கள். தெற்கத்திய அரசியல்வாதி நம் உரிமைக்கு உலை வைத்துவிடுவார் என்று அஞ்சினார்கள். கென்னடி மிக நெருக்கமாக வென்றார். டெக்சஸ் அவர் பக்கம் வந்ததில் ஜான்சனுக்குப் பெரும் பங்கு உண்டு.

1963 நவம்பர் 22-இல் டல்லஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். மீண்டும் ஒரு ஜான்சன் அதிபரானார். இவர் என்ன செய்தார்? கென்னடி தொடங்கி வைத்துத் தேங்கிக் கிடந்த குடிமை உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தார். தம் சொந்தப் பகுதியான தெற்கின் செனட் உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே சட்டத்தைத் தடுக்கப் பார்த்தார்கள். 71-க்கு 29 என்ற வாக்கில் அந்தத் தடை உடைந்தது. 1964 ஜூலை 2-இல் சட்டத்தில் கையெழுத்திட்டார். நிறம் பார்த்து உணவுக் கடையிலும் விடுதியிலும் வேலையிலும் மனிதரை ஒதுக்குவது குற்றமாயிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டமும் வந்தது.

இந்த ஜான்சன் ஏன் அந்த ஜான்சனைப் போல நடக்கவில்லை? வெளிப்பார்வைக்கு இவரும் கென்னடியும் மாறுபட்டவர்கள். பேச்சு, ஊர், பழக்கம், வளர்ப்பு எல்லாம் வேறு. அடித்தளத்தில் ஒற்றுமை இருந்தது. ஏழைக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். ஜான்சன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். 1928-இல் கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிகோ வழிவந்த ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளை 1965-இல் காங்கிரசில் பேசும்போதும் அவர் நினைவுகூர்ந்தார். ஆசிரியர்களாகிய நமக்கு இது வியப்பைத் தராது. வெறும் வயிற்றோடு முதல் வரிசையில் உட்கார்ந்த பிள்ளையின் முகத்தை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை.

ஆக, வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிளையிலா, வேரிலா? கிளையில் மாறுபட்டால் மரம் விரியும். வேரில் மாறுபட்டால் முதற் காற்றிலேயே சாயும்.

இன்னொரு வகையும் உண்டு. சீட்டில் இடம் பிடிப்பதற்காக இரண்டாமவர் தம் பேச்சை விழுங்கிவிடுவது. 1980-இல் குடியரசுக் கட்சிக்குள் ரொனால்ட் ரேகனை எதிர்த்துப் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ், ரேகனின் பொருளாதாரத் திட்டம் மாந்திரீகம் போன்றது என்று கேலி செய்தார். சில மாதங்களில் அவரே ரேகனின் துணை வேட்பாளராகி, அதே திட்டத்தை ஆதரித்தார். எட்டு ஆண்டுகள் முணுமுணுக்காமல் பணியாற்றினார். 1988-இல் தாமே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அண்மைக் காலத்திலும் இதைக் கண்டோம். 2016-இல் டோனல்ட் டிரம்பைக் கடுமையாகச் சாடிய ஜே.டி. வான்ஸ், 2024-இல் அவரோடு ஒரே சீட்டில் நின்று வென்று, 2025 ஜனவரியில் துணை அதிபரானார்.

தமிழர் பலரும் கவனித்த ஒரு சோடியும் உண்டு. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ். அவருடைய தாத்தாவின் பூர்வீக ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம். 2019 ஜூனில் நடந்த விவாத மேடையில் கமலா, ஜோ பைடனை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் கலந்து படிக்க வைக்கப் பேருந்தில் ஏற்றி வேறு வட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்பிய திட்டத்தை, மத்திய அரசு கட்டாயப்படுத்துவதைப் பைடன் ஒரு காலத்தில் எதிர்த்தவர். அப்படிப் பேருந்தில் போன சிறுமிகளில் கமலாவும் ஒருவர். நாடே பார்க்க நடந்த மோதல் அது. ஆயினும் 2020-இல் பைடன் அவரையே தேர்ந்தார். 2021 முதல் 2025 வரை அவர் துணை அதிபராக இருந்தார். மேடையில் மோதியவர்கள் ஆட்சியில் ஒன்றாக நடக்க முடிந்தது. ஏனெனில் பள்ளியில் நிற வேற்றுமை கூடாது என்பதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. அதற்கான வழியில்தான் சண்டை.

இரு கட்சிக்காரர் ஒரே சீட்டில் நிற்கும் முயற்சியும் அண்மையில் எழுந்தது. 2008-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், தம் நண்பர் ஜோ லீபர்மனைத் துணையாக நிறுத்த விரும்பினார். லீபர்மன் 2000-இல் எதிர்க்கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர். வெளிநாட்டுக் கொள்கையில் இருவருக்கும் ஒரே கருத்து. கருக்கலைப்பு முதலிய உள்நாட்டு விவகாரங்களில் லீபர்மன் பக்கம் வேறு. மாநாட்டில் கட்சியினர் கிளர்ச்சி செய்வார்கள் என்று ஆலோசகர்கள் எச்சரித்தார்கள். மெக்கெய்ன் பின்வாங்கி அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினைத் தேர்ந்தார்; தேர்தலில் தோற்றார். தம் மனம் சொன்னபடி லீபர்மனைத் தேர்ந்திருக்கலாம் என்று 2018-இல் வெளிவந்த நூலில் வருந்தி எழுதினார்.

நேயர்களே, இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால் நமக்கு என்ன கிடைக்கிறது? மாறுபட்டோர் ஒரே சீட்டில் நிற்க முடியும். வெல்லவும் முடியும். ஆனால் அது நன்மையில் முடியுமா என்பதை அறிய மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இவர்களை இணைப்பது எது? ஒருவரை வீழ்த்த வேண்டும் என்ற எண்ணம் மட்டுமா, அல்லது சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறதா? எதிரி போனதும் உடையும் கூட்டு, கூட்டே அன்று.

இரண்டாம் கேள்வி: இவர்கள் எதில் மாறுபடுகிறார்கள்? வழியிலா, குறிக்கோளிலா? சம்பள உயர்வை எப்படிக் கேட்பது என்பதில் இருவர் வாதிட்டால் அது நல்லது. சம்பள உயர்வே வேண்டுமா என்பதில் இருவர் மாறுபட்டால், அவர்களை ஒரே பட்டியலில் வைப்பது ஆபத்து.

மூன்றாம் கேள்வி: முதலாமவர் இல்லாமற் போனால் இரண்டாமவர் என்ன செய்வார்? இதை அவர் வாயாலேயே, தேர்தலுக்கு முன்பே, பலர் முன்னிலையில் சொல்லச் செய்ய வேண்டும். வென்ற பிறகு கேட்பது, வெள்ளம் வந்த பிறகு அணை போடுவதாகும்.

இந்தக் கேள்விகள் அமெரிக்காவுக்கு மட்டும் உரியவை அல்ல. சங்கக் கிளையில், கூட்டுறவுக் கடையில், கோயில் குழுவில், பள்ளிச் சங்கத்தில் தலைவரையும் துணைத் தலைவரையும் சேர்த்து நிறுத்தும்போதெல்லாம் இவை பொருந்தும். தலைவர் பெயரை மட்டும் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு வீட்டுக்கு வருவது நம்மிடம் உள்ள வழக்கம். துணைத் தலைவர் என்றால் மாலை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் என்றே நினைத்துவிடுகிறோம். தலைவர் இடம் மாறிப் போகலாம், நோயில் விழலாம். அன்றைக்கு நம் பெயரில் கையெழுத்துப் போடப்போகிறவர் அந்தத் துணைத் தலைவர்தான்.

பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். கூட்டத்தில் கேள்வி கேட்பது அவமரியாதை அன்று. எடிஸ்டோ தீவின் மக்கள் நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள். ஆனாலும் மூவரைத் தேர்ந்து, ஒரு நாட்டின் அதிபருக்கே எழுதினார்கள். அவர்கள் கேட்டது கிடைக்காமற் போயிருக்கலாம். ஆனால் கேட்டதனால்தான் 160 ஆண்டுகள் கழித்தும் அவர்களுக்கு இழைத்த அநீதியை உலகம் பேசுகிறது. அவர்களைவிட நமக்கு வாய்ப்பு அதிகம்; நம் கையில் வாக்கு இருக்கிறது.

இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு இந்த மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அதைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள். தலைவராக நிற்பவரிடம் ஒரு முறை கேளுங்கள். துணைத் தலைவராக நிற்பவரிடம் இரண்டு முறை கேளுங்கள்.